மாமாவின் வயிறு

கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு திராட்சை விவசாயிகள். இளையவர் பெரியவரிடம் கேட்டார்.

"மாமா, வயிறு எப்படி இருக்கு? பழத்த நாளைக்கு வெட்டலாமா?"

"என் வயித்துக்கும் ஒன் பழத்துக்கும் என்ன மாப்ள?"

"மழை வந்து பழம் வெடிச்சிருமோன்னு பயந்தாலே ஒங்களுக்கு வயித்தக் கலக்கும்ல. நீங்க செம்பத் தூக்குனா மறுநாள் மழைன்னு ஊரே நம்புது."

"அது மனக்கவலையில வர்றதுன்னு டாக்டர் சொன்னாக. வானத்தப் பாக்காதீகன்னாக."

"போன வாரம் நீங்க மூணு தடவ போனதப் பாத்துட்டு நாலு தோட்டத்துல பழத்தப் புளிப்போட வெட்டிட்டாக. ஒரு சொட்டு விழுகல."

"அது கல்யாண வீட்டுப் பிரியாணி. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுல்ல வெட்டணும்."

சின்னமனூர் தாண்டியதும் பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி, வாழைத்தோப்புக்குள் ஓடினார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனால் பஸ்ஸில் ஆறேழு பேர் போனைக் காதில் வைத்துவிட்டார்கள்.

"கொஞ்சம் இருங்கப்பா" என்று அவர்களை அடக்கிவிட்டு, இளையவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"மாமா, காலையில என்ன சாப்ட்டீக?"