தட்டின் இரு பக்கமும் பாடிய வெர்டி ஸ்டாலர்டு

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் டேண்டி அவர்களே, நம் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் கில்மர் அவர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகள் நோலா அவர்களே, மலைக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் வாசலில் மழையில் நிற்கும் தோழர்களே! கொஞ்சம் நெருங்கி அமருங்கள், அவர்களும் உள்ளே வரட்டும். வெர்டி அக்கா பாடிய எந்தக் கூட்டத்திலும் யாரையும் வெளியே நிற்க விட்டதில்லை.

என் பெயர் ஹாஸ்கல் மல்லின்ஸ். அக்காவின் கிட்டாருக்குப் பக்கத்தில் பாஞ்சோ வாசித்தவன். நாட்டுக்கே தெரிந்த பாடகி என்று பத்திரிகைகள் இன்று அவரை எழுதுகின்றன. எழுதட்டும். ஆனால் நாடு அறியும் முன்பே இந்த மலை அறிந்த பாடகி அவர். கேட்ஸ் ஃபோர்க் சுரங்கக் குடியிருப்பில், கம்பெனி விடுதியின் சமையலறையில், சோளரொட்டி வேகும் அடுப்பின் முன்னால் நின்று பாடியவர். அந்தக் குரலில் குழைவு இருந்ததா? இல்லை. அலங்காரம் இருந்ததா? அதுவும் இல்லை. நேரே வந்து நெஞ்சில் நிற்கும் குரல் அது.

கேட்ஸ் ஃபோர்க் சுரங்கம் வெடித்த கதை இங்கே பலருக்குத் தெரியும், இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்துக்குள் காற்றைத் தள்ளும் பெரிய விசிறியை, விடுமுறை நாளில் எதற்கு வீணாக ஓட வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலை அதை ஓட்டுவதற்கு முன்பே ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். தேங்கி நின்ற வாயு வெடித்தது. இறந்தவர்களில் ஒருவர் அக்காவின் தம்பி லான்சோ. அடக்கம் முடிந்த பிறகு அக்கா ஒரு பாட்டுக் கட்டினார். விசிறி நின்றிருந்ததைச் சொன்னார். அதன்பின் இறந்த ஒவ்வொருவரின் பெயரையும் சொன்னார். பெயரைச் சேர்க்கும் முன் அந்தந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டுவிட்டு வந்தார். ஒருவர் தன் கோவேறு கழுதைக்கு ஆப்பிள் ஊட்டுவார். ஒருவர் மறுவாரம் மாப்பிள்ளை ஆகவிருந்தவர். எல்லாம் பாட்டில் வந்தது.

அந்தக் கோடையில் வடக்கிலிருந்து ஓர் இசைத்தட்டுக் கம்பெனி வந்து, ரயிலடி நகரத்தில் மரச்சாமான் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தது. பாடத் தெரிந்தவர்கள் வரலாம் என்று அறிவிப்புச் செய்திருந்தார்கள். அக்கா, அவர் கணவர் எம்மெட், நான் மூவரும் என் மாமாவின் லாரியில் போனோம். மாடியில் எதிரொலி வராதபடி சுவரெங்கும் மெத்தைப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கம்பெனியின் ஆள் பெல்லமி என்பவர். மரியாதையான மனிதர்தான். பாட்டு முழுவதையும் கேட்டார். குரல் பிரமாதம் என்றார். ஆனால் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் கொள்ளும், பெயர்களை எடுத்துவிட்டால் பாட்டு அளவாக வரும் என்றார்.

அக்கா கிட்டாரை மடியிலிருந்து இறக்கவில்லை. "தட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல ஐயா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. ஆனா பாதிப் பாட்டுல எந்திரிச்சுப் போயி யாரு தட்டத் திருப்பிப் போடுவா?"

"செத்தவன் வீட்டுப் பொம்பளைங்க திருப்புவாங்க. அவங்க வீட்டு ஆளு பேரு அந்தப் பக்கத்துல இருக்கே."

பெல்லமி தன் மெக்கானிக்கிடம், பக்கத்துக்கு ஒன்றாக, பாட்டைப் பதியும் இரண்டு மெழுகுத் தட்டுகளை எடுத்து வைக்கச் சொன்னார். அக்கா பாடினார். இரண்டாம் பக்கத்தில், லான்சோ பெயருக்கு முன்னால் அவர் மூச்சு ஒரு கணம் தடுமாறியது. என் விரல்கள் ஓடிக்கொண்டிருந்ததால் பாட்டு நிற்கவில்லை. முடிந்ததும் பெல்லமி, அந்த இடத்துக்காக இன்னொரு முறை பாடலாமா என்றார். வேண்டாம், அந்த இடத்தில் எப்போதும் அப்படித்தான் வரும் என்றார் அக்கா. அந்த மூச்சு இன்றும் தட்டில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்!

இலையுதிர் காலத்தில் தட்டு வெளிவந்தது. சுரங்கக் கம்பெனியின் கடையில் அதை விற்க மறுத்தார்கள். மறுத்தால் என்ன? ரயிலடி நகரத்துக்கு நடந்து போய் வாங்கி வந்தார்கள் நம் மக்கள். பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஓசி மல்லின்ஸ் வீட்டில் ஒரே ஒரு கிராமபோன். ஓசி என் அத்தை. அவர் மருமகனும் அந்தச் சுரங்க வெடிப்பில் போனவர். வீடு நிறைய ஆட்கள் கூடியிருப்பார்கள். முதல் பக்கம் முடிந்ததும் வேறு யாரையும் தட்டைத் தொடவிட மாட்டார். "கையக் கழுவிட்டு வந்தாலும் தர மாட்டேன், தள்ளிப் போ" என்று சொல்லித் தானே எழுந்து திருப்பிப் போடுவார்.

விசிறியைப் பற்றிய வரி சுரங்க மேலாளர் காதுக்கும் போனது. எம்மெட்டைக் கூப்பிட்டு அனுப்பினார். உன் மனைவி அந்தப் பாட்டை விட வேண்டும், இல்லையென்றால் நீ வேலையையும் கம்பெனி வீட்டையும் விட வேண்டும் என்றார். குளிர்காலம் வாசலில் நிற்கிறது. நோலா கைக்குழந்தை. எம்மெட் வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கட்டிலக் கழட்டு, எம்மெட்."

"சுத்தியலோடதான் வந்திருக்கேன்" என்றார் அவர்.

இதுதான் தோழர்களே, அந்தத் தம்பதி! அன்று மாலையே எங்கள் லாரியில் சாமான் ஏற்றினோம். ரயிலடி நகரத்தில் ஒரு சலவைக்கடையின் பின்னறையில் குடியேறினார்கள். அக்கா துணி வெளுத்தார், எம்மெட் தண்டவாளக் கட்டைகளைச் சுமந்தார். பாட்டு நிற்கவில்லை. அடுத்தடுத்து இன்னும் சில தட்டுகள் வந்தன.

பின்னர் ஒரு வானொலி நிலையம் வாராவாரம் பாட அழைத்தது. நல்ல சம்பளம். ஆனால் ஒட்டுப்போட்ட பாவாடை கட்டி, பல் விழுந்ததுபோல் தெரியப் பல்லில் கரி பூசி, வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து பாட வேண்டுமாம். நேரில் வந்து பார்ப்பவர்கள் மலைவாசி என்றால் அப்படித்தான் எதிர்பார்ப்பார்களாம். அக்கா தேவாலயத்துக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடுதான் போனார். நிலையத்துக்காரர் முகம் சுளித்தார். "எங்க ஊர்ல நாலு பேரு முன்னால பாடறதுன்னா குளிச்சிட்டுதான் வருவோம். உங்க ஊரு வழக்கம் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அந்த வாய்ப்புப் போனதற்காக அவர் வருந்தி நான் பார்த்ததில்லை.

பிறகு நாடெங்கும் வேலையில்லாத காலம் வந்தது. தட்டு வாங்க ஆளில்லை, பெல்லமியின் கம்பெனியும் மூடியது. அக்கா எங்கே பாடினார்? நாம் இந்தச் சங்கத்தைக் கட்டியபோது, துப்பாக்கியோடு காவலர்கள் சாலையை மறித்த இடத்தில் பாடினார். கஞ்சித் தொட்டியின் பக்கத்தில் பாடினார். இந்தக் கட்டடத்துக்குச் செங்கல் அடுக்கியபோது பாடினார். அண்மையில் பல்கலைக்கழக மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அவரைத் தேடி வந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் உங்கள் இசைவாழ்வு முடிந்துபோனது வருத்தமாக இல்லையா என்று ஒரு பெண் கேட்டாள். அக்கா புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், "எங்கம்மா முடிஞ்சுது? போன சனிக்கிழமை கூடப் பாடினேனே" என்றார்.

அந்த மாணவர்கள் அவரைக் கிழக்கே பெரிய விழாக்களுக்கு அழைத்துப்போனார்கள். புல்வெளி கொள்ளாத கூட்டத்தின் முன் அதே கேட்ஸ் ஃபோர்க் பாட்டைப் பாடினார். பெயர் ஒன்றைக்கூட விடவில்லை. நம் மக்களை ஒருநாளும் பார்த்திராத பிள்ளைகள் அந்தப் பெயர்களைச் சேர்ந்து பாடியதை நான் என் காதால் கேட்டேன்.

அன்பர்களே, துக்கப்படத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் தோற்றுப்போனவருக்காக நாம் கூடவில்லை. வீட்டைப் பறித்தார்கள், பாட்டைப் பறிக்க முடிந்ததா? அந்தச் சுரங்கம் இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. மேலாளரின் பெயர் எனக்கே மறந்துவிட்டது. லான்சோவின் பெயர் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிகிறது!

இனி நாம் செய்ய வேண்டியது. சனிக்கிழமைப் பாட்டுக் கூட்டம் இந்த அரங்கில் வழக்கம்போல் நடக்கும். நோலா கிட்டார் எடுப்பார். இன்னொன்றும் இருக்கிறது. போன குளிர்காலத்தில், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு சுரங்கத்தில் கூரை சரிந்து மூன்று பேர் போனார்களே, அவர்களுக்காக அக்கா ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். உடல் முடியாத நிலையிலும் இரண்டு வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டு வந்தார். அந்த இரண்டு பேரும் பாட்டில் வந்துவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்குப் போகும் முன் படுத்துவிட்டார்.

அந்த வீட்டம்மா இங்கே வந்திருக்கிறார் என்று சற்று முன்தான் போதகர் சொன்னார். அம்மா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானும் நோலாவும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். உங்கள் கணவரைப் பற்றி எங்களுக்குச் சொல்லுங்கள்.