கோழித் துரை போட்ட குடை

1967 பிப்ரவரி மாதம், விராலிமலை போலீஸ் நிலையத்தில், சப் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் எழுதப்பட்ட வாக்குமூலம்.

பெயர் செவந்தி. வயது இருபத்தெட்டு. கணவர் பெயர் நாகராசு. தொழில் விவசாயம். ஊர் திருச்சி ஜில்லா, குளத்தூர் தாலுகா, கருவேலம்பட்டி.

அமெரிக்காவிலிருந்து சம்பளமில்லாமல் தொண்டு செய்ய வந்து எங்கள் ஊரில் தங்கியிருக்கும் கென்னத் என்பவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஊரில் அவரைக் கோழித் துரை என்பார்கள். கழிச்சல் நோய் வராமல் கோழிகளுக்கு ஊசி போடுவது அவர் வேலை. விடிந்ததும் பஞ்சாரக் கூடையைத் திறந்து மேயவிடுமுன் நான் கோழிகளைப் பிடித்துக் கொடுப்பேன், அவர் ஊசி போடுவார். ஊசி முடிந்த வீட்டுச் சுவரில் செம்மண் குழைத்து ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லியிருந்தார். அதைப் போடுவதும் நான்தான்.

தைப்பொங்கல் கழிந்து ஊரில் எலக்சன் சூடு ஏறியது. என் அண்ணன் பிச்சைமுத்து, குடைச் சின்னத்தில் நிற்கும் சுயேச்சை வேட்பாளருக்கு வேலை செய்பவன். அவன் என் வீட்டுக்கு வந்து, "தொரைகூட வீடு வீடாப் போறவ நீதானே. பெருக்கல் எதுக்கு? நம்ம கொடையப் போட்டு விடு. வெள்ளைக்காரரே நம்ம பக்கம்னு சனம் நம்பும். முடியாதுன்னா ஒம் மக காதுகுத்துக்கு வேற மாமனப் பாத்துக்க" என்றான். எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். தாய்மாமன் மடியில் உட்காராமல் என் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது என்று பயந்து சம்மதித்தேன்.

அதன் பிறகு முதல் குடையை என் வீட்டுச் சுவரிலேயே போட்டேன். துரை பார்த்துவிட்டு, "அக்கா, குடை ஏன்?" என்று கேட்டார். "இது எங்கூரு வழக்கங்க தொரை. கொடை போட்ட வீட்டுல சீக்கு அண்டாது" என்று வாய் கூசாமல் சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அவர் முகமெல்லாம் சிரிப்பாகி, "ரொம்ப நல்ல வழக்கம்" என்று சொல்லி, மறுநாளிலிருந்து செம்மண்ணை என் கையிலிருந்து வாங்கித் தாமே போட ஆரம்பித்தார். குடைக் கம்பிகளைக்கூட வரைந்து அழகாகப் போடுவார். அப்போதாவது தடுத்திருக்கலாம். நான் அடுத்த கோழியைப் பிடித்துக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதன் பிறகு எதிர்த்தரப்பு ஆட்கள் மேலத்தெருவில் அவரை மறித்து, "எங்க எலக்சன்ல ஒனக்கு என்னடா வேலை?" என்று சட்டையைப் பிடித்தார்கள். ஐஸ் வைத்து மருந்து கொண்டுவந்த பிளாஸ்கைக் கல்லில் போட்டு உடைத்தார்கள். அவர்களே மேலிடத்துக்கு மனுவும் எழுதினார்கள். மருந்து இல்லாமல் மேலத்தெருக் கோழிகள் கழிந்து செத்தன. வெளிநாட்டார் ஓட்டு வேலை செய்தது குற்றம் என்று துரையை அவர் நாட்டுக்கே திருப்பி அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஊரார் எதிரில் அவரிடம், குடை போடச் சொன்னது யார் என்று கேட்டார். நான் கூட்டத்தில் முன்னால் நின்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பார்த்துவிட்டு, "யாரும் சொல்லலை. நானே போட்டேன்" என்றார். ஐயா, அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் இனி என் வீட்டு வாசலை மிதிக்க மாட்டான் என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். என் மகளுக்கு அவள் அப்பன் மடியில் வைத்துக் காது குத்திக்கொள்கிறேன். ஊரில் மற்றக் குடைகளையெல்லாம் எதிர்த்தரப்பு ஆட்கள் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார்கள். என் வீட்டுச் சுவரில் இருப்பதை மட்டும் நான் அழிக்க விடவில்லை. கோணலாக, கம்பி இல்லாமல் இருக்கும். அது என் கை போட்டது. அதிகாரிகள் வந்து அதைப் பார்த்துவிட்டுத் துரையை விட்டுவிட வேண்டும்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் நடந்தது. என்னை யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

செவந்தி, இடது கைப் பெருவிரல் ரேகை.