மகளுக்குக் கொடுத்த சுருதி

அந்த ரிசோர்ட்டில் இறால் பொரியல் நன்றாக இருந்தது, பாதர். எல்லாவற்றையும் குறை சொல்லக்கூடாது. முல்லைத்தீவுக் கடற்கரையில் புதிதாகக் கட்டியிருக்கிறார்களே, அந்த இடம்தான். சனிக்கிழமை பின்னேரம் அங்கே என் மகள் நிறஞ்சனா பாடினாள். நான் கீபோர்ட் வாசித்தேன். நிகழ்ச்சி சரிவரவில்லை. அதைப்பற்றித்தான் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தேன்.

அங்கே விடுமுறைக்குத் தங்கியிருந்த ஜெயரூபி, கனடாவில் இசைக்குழு நடத்துகிறவா. நம் கோயில் திருநாளில் மகளின் பாட்டைக் கேட்டிருக்கிறா. சனிக்கிழமை தன் ஆட்களுக்கு முன்னால் நன்றாகப் பாடினால், கூட்டிக்கொண்டுபோய்ப் படிப்பிக்கிறேன் என்றா. அன்றிலிருந்து பிள்ளைக்குக் கால் நிலத்தில் இல்லை. பெற்றவன் நான், சந்தோசப்படாமல் இருப்பேனா? வாய் திறந்தால் "அங்க போனா" என்றுதான் தொடங்குவாள். அந்தக் கதையில் நான் ஒருநாளும் வரவில்லை. அதை நான் குற்றமாக எடுக்கவில்லை.

சின்ன வயதிலிருந்தே பூசைக்கு நான் கீபோர்ட்டில் சுருதி கொடுப்பேன், அவள் அதைப் பிடித்துக்கொண்டு பாடுவாள். அது சரியா பிழையா என்று அவள் பார்த்ததே இல்லை. அப்பா கொடுத்தால் சரி, அவ்வளவுதான்.

சுருதியை ஏற்றி இறக்கக் கீபோர்ட்டில் ஒரு பொத்தான் உண்டு. முதற்பாட்டுக்கு நான் அதைத் தொடவில்லை. எல்லாரும் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டார்கள். ஜெயரூபி கண்ணைத் துடைத்தா. என் கை அந்தப் பொத்தானுக்குப் போனது. அடுத்த பாட்டுக்குக் கொஞ்சம் ஏற்றினேன். அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். உச்சத்துக்குப் போகும்போது பிள்ளையின் குரல் கிழிந்தது. சனம் தன் கோப்பைப் பக்கம் திரும்பிவிட்டது. யாரோ ஃபோனில் பைலாப் பாட்டுப் போட்டார்கள்.

ஜெயரூபி நல்ல மனுசி. பதற்றமாக்கும், ஆறுதலாக இன்னொருக்கால் பாடட்டும் என்றா. மகள் என்னைப் பார்த்தாள். பாடு என்று தலையாட்டிவிட்டு, நான் இன்னும் ஏற்றினேன்.

மோட்டார் சைக்கிளில் வரும்போது என் முதுகில் முகத்தை வைத்து அழுதாள்.

"அப்பா, என்ர குரலுக்கு என்னப்பா நடந்தது?"

"கொம்மாவுக்கும் உன்ர வயசிலதான் குரல் போனது, பிள்ளை. இனித் திரும்பாது."

இவளின் தாய் சுசிலா கடைசிவரை பாடினவள், பாதர். பதுங்குகுழியில் ஷெல் விழுந்தபோதும் இவளை மடியில் போட்டுப் பாடிக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு மிஞ்சியது இந்தப் பிள்ளை ஒன்றுதான். கைக்குழந்தைக்குத் தாயின் குரல் எங்கே நினைவிருக்கப்போகிறது. சுசிலாவின் பெயரில் அப்படிச் சொன்னதை நினைத்தால் நெஞ்சு வெடிக்கிறது. ஆனால் பிள்ளை நம்பினாள்.

ஜெயரூபி கனடாவுக்குப் போய்விட்டா. நிறஞ்சனா இப்போது பூசையில் வாயை மட்டும் அசைக்கிறாள், நீங்களும் கண்டிருப்பீர்கள். வீட்டிலும் கதை குறைவு. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன், அப்பா" என்றாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்ன பரிகாரமென்றாலும் தாருங்கள், பாதர். செபமாலை சொல்கிறேன், உபவாசம் இருக்கிறேன். அவளிடம் உண்மையைச் சொல் என்று மட்டும் சொல்லாதீர்கள். தாயைப் பறிகொடுத்த பிள்ளை, தகப்பனையும் இழந்தால் தாங்கமாட்டாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.