ஒற்றைக்கண் கொங்கல்

தேனீ வளர்க்கிறவனுக்குக் கோபம் ஆகாது, தங்கச்சி. எங்கள் சனத்தில் யாரையும் கேட்டுப் பாருங்கள், நோபேட் அண்ணை சத்தம் போட்டதே இல்லை என்பார்கள். இதையும் அந்தப் பொலிஸ் அதிகாரிக்கு டொச்சு மொழியில் சொல்லிவிடுங்கள். இடையில் எழுந்து நடந்தால் குறை நினைக்க வேண்டாம். கொஞ்சக் காலமாக என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை.

இங்கே சுவிஸில், எம்மன்புரூக்கேயில் எங்கள் கத்தோலிக்கச் சனம் வருடாவருடம் கூத்துப் போடும். இந்த முறை கொங்கல் மன்னன் கதையை நானே பாட்டுக் கட்டி எழுதினேன். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய அயர்லாந்து அரசன். வடக்கே அல்ஸ்ரரை ஆண்டவன், தாராக் குன்றின் பெரிய சிம்மாசனம்வரை ஏறினான். தேனீ கொட்டி ஒரு கண் போனது. ஊனமுள்ளவன் தாராவில் அமரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம், இறக்கிவிட்டார்கள். பிறகு படை திரட்டிப் போய் மோய்ரா என்ற இடத்தில் போரில் மடிந்தான்.

எங்கள் கூத்து மன்றம் கூடி ராசா வேடத்தை லூக்காஸுக்குக் கொடுத்தது. இங்கே பிறந்த பெடியன், நல்ல குரல். "அண்ணை, உங்களுக்கு மூச்சு வாங்குது. நீங்கள் பழக்கிவிட்டாக் காணும்" என்றார்கள். ஓம் என்றேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் ஒத்திகையில், கண் போகும் இடத்தில் அவன் பொய்யாக அழுதான். வேலையில், பஸ்ஸில், எங்கே போனாலும் அந்த அழுகைதான் காதில். பூசை நடுவில் எழுந்து வெளியே போய் நின்றிருக்கிறேன்.

அதனால்தான் தேன்பெட்டிகள் இருக்கும் என் தோட்டத்துக்கு அவனைக் கூப்பிட்டேன். இடி முழங்கப்போகும் பின்னேரம். அப்படியான நேரத்தில் தேனீக்கள் பொல்லாதவை. எனக்கு அது தெரியும்.

"முகவலையைத் தூக்கிப்போட்டுக் கிட்டப் பார். கொங்கலுக்கு வலை இருந்ததோ?"

"நீங்கள் பக்கத்தில நிக்கிறியள்தானே அண்ணை" என்று சிரித்தபடி தூக்கினான்.

மூடியைத் திறந்தேன். பெட்டியில் என் கால் பட்டது. பட்டது என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். உதைத்தேன், தங்கச்சி.

அவன் கத்திய கத்து சரியாக இருந்தது. அம்புலன்ஸுக்குப் போன் அடிக்கமுன் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். பாட்டின் சுருதி பிடிபட வேண்டுமே.

இடக்கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் கட்டோடு ஒத்திகைக்கு வந்தான். "இப்பதான் எனக்கு அந்த ராசாவை விளங்குது. நானே ஆடுறன் அண்ணை" என்றான். பொறுமையாக எடுத்துச் சொன்னேன்: முன்பாதியில் அரசனுக்கு இரண்டு கண்ணும் வேண்டும். ஊனமுள்ளவன் அமரக்கூடாது. அந்தச் சட்டம் நான் போட்டதல்ல.

அவன் வெளியே போய்விட்டான். மறுநாள் உங்களிடம் வந்திருக்கிறான்.

கூத்துக்காகத்தான் செய்தேன் என்று எழுதச் சொல்லுங்கள். வேடத்துக்கு நான் ஆசைப்படவில்லை. ராசாவின் கிரீடத்தைக்கூட யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. அது என் வீட்டில்தான் இருந்தது. மன்றம் கூடுவதற்கு முன்பே என் தலை அளவுக்குச் செய்து வைத்திருந்தேன்.