வரப்பில் நின்ற பொம்மை

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், லியாகத் அலி சார். வாங்கி வந்த உங்கள் ஏட்டைக் குறை சொல்லவில்லை. ‘சர்க்கரை கம்மியா’ என்றேன். ‘அரை ஸ்பூன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். இப்படிச் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பே.

தஞ்சாவூரில் ஒரு கம்பெனியில் ஏஐ ஏஜென்டுகளுக்கு எழுதுகிறேன். ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை, தானாக முடிவெடுத்து வேலை பார்க்கிற கணினிச் செயலி. அதன் கையில் சில கருவிகளைக் கொடுப்போம். எது எதற்கு, எப்போது எடுக்கலாம், எப்போது தொடக் கூடாது என்று விளக்கம் எழுதி வைப்பது நான். எழுதியிருப்பதைத்தான் அது நம்பும். பாவம், ஊருக்குள் போய் விசாரிக்க அதற்குக் கால் கிடையாது. பரிதி எழுதினால் இன்னொரு தரம் படிக்க வேண்டாம் என்று ஆபீசில் என்னைப் பற்றிப் பேச்சு.

மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் ஊர். அங்கே வடிகால் மதகுக்கு மோட்டாரும் கேமராவும் வைத்து ஏஜென்டிடம் ஒப்படைத்தார்கள். விளக்கத்தை நான் சும்மாவே எழுதிக் கொடுத்தேன். ஊருக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது? மதகுக்கு மேலே எங்கள் நிலம். கீழே முருகையனுடைய ஒன்றரை ஏக்கர். அவருடைய அப்பா எங்களிடம் கூலிக்கு இருந்தவர். அந்த இடம் ஒரு காலத்தில் வெறும் தரிசு. வெட்டித் திருத்தி சம்பா நட்டுவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல உழைப்பாளிகள்.

ஊர்க் கூட்டத்தில் விளக்கத்தை வாசித்துக் காட்டினேன். முருகையன் மகள் கனிமொழி எழுந்தாள். படித்த பெண்.

“இதுல எங்க வயலே இல்லையேங்க. கீழ ஆள் இருக்கான்னு பாத்துட்டுத்தான் திறக்கணும்னு ஒரு வரி சேத்துடுங்க. இல்லாட்டி அதுக்கு எப்படித் தெரியும்?”

“எழுதுறவருக்கே எழுதிக் குடுக்குது பாருங்க எம் பொண்ணு,” என்றார் முருகையன். நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“சேத்துடறேன்மா,” என்றேன்.

சொன்ன சொல் தவறவில்லை, சார். அன்றைக்கே சேர்த்தேன். மதகுக்கு: ‘கீழே தரிசு. சாகுபடி இல்லை. மழையில் தயங்காமல் திறக்கலாம்.’ கேமராவுக்கு: ‘கீழ்வரப்பில் ஆள் மாதிரித் தெரிவது வைக்கோல் பொம்மை. காற்றில் கை ஆடும். பொருட்படுத்த வேண்டாம்.’ கோபத்தில் எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். கோபத்தில் எழுதினால் வாக்கியம் இழுத்துக்கொண்டு போகும். இதில் ஒரு சொல்லை எடுத்துவிட முடியுமா, பாருங்கள்.

கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை. எங்கள் வயலில் முழங்கால் தண்ணீர். நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு முருகையன் கீழ்வரப்பில் மண்வெட்டியோடு நின்றார் என்று கனிமொழி சொல்கிறாள். உண்மைதான். அந்தக் கேமரா என் போனிலும் தெரியும். ஏஜென்ட் மதகை ஒரு சாண் தூக்கியது. தண்ணீர் பாய்ந்த சத்தத்தில் அவர் நிமிர்ந்து, கேமராவைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். ஏஜென்ட் அப்படியே நிறுத்திவிட்டது. என் போனுக்குக் கேள்வி வந்தது: ‘கீழே தரிசு என்று இருக்கிறது. பொம்மை என்றும் இருக்கிறது. பயிர் இல்லாத இடத்தில் பொம்மை எதற்கு? ஆளாக இருக்கலாம். மேலும் திறக்கவா?’

‘பொம்மைதான். முழுதாகத் திற’ என்று பதில் போட்டேன்.

மத்தியானத்துக்குள் எங்கள் வயலில் தண்ணீர் வடிந்துவிட்டது. முருகையன் இரண்டு நாள் கழித்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டோரம் கிடைத்தார். நல்ல மாலையாக வாங்கிக்கொண்டு போனேன். கனிமொழி அதைத் தொடவில்லை. அவளுக்கு ஆயிரம் துக்கம் இருக்கும், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? அதற்கு முன்னால் ஒரு குறையை மட்டும் நானாக ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். என் விளக்கத்தைப் படித்த பிறகும் அது என்னிடம் சந்தேகம் கேட்டிருக்கிறது. இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை, சார்.