மருமகன் கேட்கப்போகும் வண்டி

— வண்டியா அது? சாணி அள்ளக்கூட லாயக்கில்ல, ஒல்ஜாஸ். நீ டீயைக் குடி. ஜன்னல் பக்கமே பாக்காத.

— போன மாசம் போன்ல வேற மாதிரி சொன்னீங்களே மாமா. ஒரு டன் ஏத்தினாலும் வழுக்கிக்கிட்டுப் போகுதுன்னு.

— ஒரு டன்னுன்னு காகிதத்துலதான் எழுதியிருக்குப்பா! காஞ்ச புல்லு எண்ணூறு கிலோதான் ஏத்தினேன், பின்பக்கம் நாய் மாதிரி குந்திக்கிச்சு.

— நூத்தம்பது குதிரை சக்தி, மாமா.

— எங்கிட்ட பதினோரு குதிரை இருக்கு. ஒண்ணுக்காவது டீசல் ஊத்துறேனா? இந்தச் சைத்தான் நூறு கிலோமீட்டருக்குப் பதிமூணு லிட்டர் குடிக்குது.

— ஒம்பதரைதான் குடிக்கும்.

— நீதான் வாயில ஊத்தி விட்டியா?

— கனிப்பா அத்தை, மாமா ஏன் இப்படிப் பதறுறாரு?

— ஏன்னா நீ அக்கா மகன். நம்ம வழக்கப்படி மூணு வாட்டி நீ எதைக் கேட்டாலும் தாய்மாமன் குடுத்தாகணும். கருப்புக் குட்டிக்குதிரையை வாங்கிட்ட. வேட்டைநாயை வாங்கிட்ட. மூணாவது பாக்கி நிக்குது. நீ கரகாண்டா டவுனுலேர்ந்து வந்து இறங்கினதுலேர்ந்து இந்தக் கிழவன் உக்காரவே இல்ல.

— யாரு பதறுறா? எனக்கு வேலை கிடக்கு. மலையடியில குதிரைங்க தண்ணிக்குக் காத்துக்கிட்டிருக்கு. இந்த வண்டி இல்லேன்னா தண்ணித் தொட்டி போகாது, பனி விழுந்தா புல்லு போகாது. பதினொண்ணும் எலும்பாத்தான் திரும்பும். அது தெரிஞ்சும் கேக்கிறவன் கேக்கட்டும்.

— நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியே மாமா.

— கேக்காத! தின்னு. கறியை எடு.

— நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்குமாமே? தரைக்கும் அடிவயித்துக்கும் நடுவுல ஒரு சாண் இருக்காமே?

— ஒரு சாண்! ஆட்டுக்குட்டி படுத்திருந்தா தட்டும். அதை விடு, அந்த விளக்கைச் சொல்லு. பொழுது சாஞ்சா ரோடே தெரியல. கண்ணாடியில எப்பவும் மூடுபனி. கிலோமீட்டர் கல்லெல்லாம் திடீர் திடீர்னு முன்னாடி வந்து குதிக்குது.

— இந்த வெயில் காலத்துலயா மூடுபனி?

— வலது பக்கம் முழுக்க. எவ்வளவு துடைச்சாலும் போகல. மட்டமான கண்ணாடி.

— அதே பக்கம்தானே கதவுல நீளமா கீறியிருக்கு?

— அது... வாங்கும்போதே இருந்துச்சு.

— பொய் சொல்லாத கிழவா. செவ்வாக்கிழமை பாலத்துக் கம்பியில உரசிட்டு வந்த. கம்பிக்குப் பக்கத்துல நம்ம பக்கத்து வீட்டு செரிக்கோட பொண்ணு பள்ளிக்கூடப் பையோட நின்னா. துள்ளி ஒதுங்கினதால பிழைச்சா. நீ கம்பியையும் பாக்கல, பிள்ளையையும் பாக்கல.

— வாயை மூடு, கனிப்பா!

— மாமா, வரும்போதே பாத்தேன். கண்ணாடி கழுவி வச்ச கிண்ணம் மாதிரி இருக்கு.

— அப்போ எனக்குக் கண்ணு போச்சுங்கிறியா? எங்க வந்து யாருகிட்டப் பேசுற? இந்த ரோட்டுல நான் கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்டா!

— அப்படித்தான் மாமா ஓட்டிக்கிட்டிருக்கீங்க. சரி, கேக்கிறேன். மூணாவதும் கடைசியும். வண்டியைக் குடுங்க.

— கேட்டுட்டான். சைத்தான், கேட்டே புட்டான். கனிப்பா, காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு.

— ஒரு தடவை யோசிச்சுப் பாருடா. வேற எது வேணா கேளு. சாம்பல் குதிரையை எடுத்துக்க. ரெண்டா எடுத்துக்க.

— வண்டிதான் மாமா.

— அக்கா மகனுக்கு இல்லேன்னு சொன்னா கை நடுங்கியே சாவணும்னு எங்கப்பன் சொல்லி வளத்தான். இந்தா சாவி. குதிரைங்க செத்ததும் வந்து நீயே புதைச்சுட்டுப் போ. கரகாண்டாவுல பொண்ணுங்களை ஏத்திக்கிட்டுச் சுத்தப் போறியா?

— நான் பஸ்ஸுல போறேன் மாமா. வண்டி இங்கேயே நிக்கட்டும்.

— நின்னா? யாரு ஓட்டுறது, காத்தா?

— சாவியை இப்படிக் குடு ஒல்ஜாஸ், கூப்பிட்டதும் வந்தியே, நல்லா இரு. கிழவா, பண்ணையில பன்னெண்டு வருஷம் டிராக்டர் ஓட்டினவ நான். நான் சாவி கேட்டா நீ செத்தாலும் தரமாட்ட. அதான் உன்னால மறுக்க முடியாத ஆளை வரச் சொன்னேன். தண்ணித் தொட்டி ரொம்பியாச்சு, அந்தப் பக்கமாப் போய் ஏறு.