கேட்டுக்குப் போன கூடை

விடியற்காலை ஐந்து மணி இருக்கும். உத்தனப்பள்ளியைத் தாண்டினால் ராயக்கோட்டை ரோட்டில் ஈ காக்கை கிடையாது... பனி மட்டும்தான். நம் ஊர் ராஜப்பன் அந்த ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செக்யூரிட்டி. முந்தின நாள்தான் அவன் மனைவி காவேரிக்கு அங்கேயே பெண் குழந்தை பிறந்திருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். யாராவது பையை மறந்து விட்டுப் போனால், செக்யூரிட்டி அதைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டில் வைப்பான். தேடி வருகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நல்ல வழக்கம்தான்... அதற்கு முந்தின மாதம் இன்னொரு செக்யூரிட்டி ஆஞ்சப்பன் தூக்கிய பையில் கல்குவாரி வெடி வெடிக்கும் வரைக்கும். எவனோ பங்காளிப் பகையில் வைத்தது. ஆஞ்சப்பனின் வலது கை மணிக்கட்டோடு பிய்ந்துவிட்டது. ராஜப்பன் மடியிலேயே செத்தான்.

அப்புறம்தான் போலீஸ் வந்து பாடம் நடத்தியது. ஆளில்லாத பையைத் தொடாதே, பக்கத்தில் நின்று போன் பேசாதே, எல்லோரையும் வெளியேற்று. வெளியேற்றி எங்கே நிறுத்துவது? கேட்டில் நிறுத்து என்றார் மேனேஜர். மகாபுத்திசாலி.

அந்த விடியற்காலை ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது. பிரசவ வார்டில் வெடி வைத்திருப்பதாக ஒரு குரல். ராஜப்பன் ஓடினான். பெஞ்சுக்கு அடியில் ஒரு ஒயர் கூடை. அவன் தொடவில்லை. எல்லோரையும் எழுப்பி கேட்டுக்கு அனுப்பினான். கடைசியாகக் காவேரி, குழந்தையோடு போனாள்.

திரும்பிப் பார்த்தான்... கூடை இல்லை.

மயிர் கருகிய வாடை. சரக்... சரக்... பூட்ஸ் சத்தம். வாசலில் ஒரு காக்கிச் சட்டை, கூடையை இடது கையில் தூக்கிக்கொண்டு போகிறது. வலது சட்டைக்கை காலி. அதிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. நேராகக் கேட்டைப் பார்த்து நடக்கிறது. பாவி மனுஷன், செத்தும் வேலையை விடவில்லை.

"ஆஞ்சப்பண்ணா, வேணாண்ணா... கேட்டுல எங் கொழந்த இருக்குது."

நிற்கவில்லை. ராஜப்பன் பாய்ந்து கூடையைப் பிடுங்கி, பக்கத்து ராகிக் கொல்லைப் பக்கம் வீசினான். கையை விட்டுப் போவதற்குள் வெடித்துவிட்டது.

கேட்டில் நின்ற யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ராஜப்பன் பிழைத்தான், வலது கை போனது. கொல்லை முழுக்கத் தேடியும் அந்தக் கை கிடைக்கவில்லை.

இப்போது குழந்தைக்கு ஆறு மாதம். ராத்திரியில் அழுதால் தொட்டில் தானாக ஆடுகிறதாம். விடிந்து பார்த்தால் தொட்டில் சேலையில் கரி படிந்த உள்ளங்கைத் தடங்கள்... இரண்டு.

இரண்டுமே வலது கை.